"குண்டா இருந்தா முண்டு ஆகிடுமா?" - ராமநாதபுரம் மிளகாயும் ஒரு பெயருக்கான சட்டமும்

போன மாதம் ஒரு ஆப்பில் ஒரு கிலோ மிளகாய் வற்றல் ஆர்டர் போட்டேன். பாக்கெட்டின் முன்பக்கம் பெரிய சிவப்பு எழுத்தில் 'ஒரிஜினல் ராம்நாடு முண்டு' என்று இருந்தது. சொந்த ஊர்ப் பெயரைப் பார்த்ததும் விலையைக்கூடப் பார்க்காமல் வாங்கிவிட்டேன்.

அந்த வாரக் கடைசியில் அம்மா ராமநாதபுரத்திலிருந்து சென்னைக்கு வந்தார். சமையல்கட்டில் டப்பாவைத் திறந்தவர், ஒரு மிளகாயை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அழுத்திப் பார்த்தார். காம்பைக் கிள்ளி முகர்ந்தார். அடுத்த நொடி தீர்ப்பு வந்துவிட்டது.

"இது நம்ம ஊரு மொளகா இல்லடி. தோலு எவ்வளவு மெல்லிசா இருக்கு பாரு. குண்டா இருந்தா முண்டு ஆகிடுமா?"

பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். பொட்டலம் போட்டவரின் முகவரி தமிழ்நாட்டிலேயே இல்லை. 'ராம்நாடு' என்ற சொல்லைத் தவிர, அந்த மிளகாய்க்கும் எங்கள் மாவட்டத்துக்கும் சம்பந்தம் இருப்பதாகக் காட்ட எதுவுமே அதில் இல்லை. ஒருவேளை அது உண்மையிலேயே எங்கள் ஊர் மிளகாயாகவும் இருக்கலாம். இல்லை என்று சொல்ல அம்மாவின் விரலைத் தவிர என்னிடம் வேறு ஆதாரம் கிடையாது.

ஆனால் ஒரு கேள்வி மட்டும் போகவே இல்லை. ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குத்தான் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டதே... அப்புறமும் யார் வேண்டுமானாலும் அந்தப் பெயரை ஒட்டி விற்கலாமா? தடுக்க வேண்டியது யார்?

இந்த வாரம் அதைத்தான் பார்க்கப் போகிறோம். சட்டம் என்றதும் ஸ்க்ரோல் பண்ணிப் போய்விடாதீர்கள். இதில் மிளகாய் இருக்கிறது, அல்வா இருக்கிறது, செருப்புகூட இருக்கிறது!

குண்டு வேற... முண்டு வேற!

'குண்டு மிளகாய்' என்பது வடிவத்தின் பெயர். உருண்டையாக இருக்கும் எந்த மிளகாயையும் கடையில் அப்படிச் சொல்லலாம். 'ராமநாதபுரம் முண்டு' அப்படியல்ல. அது மண்ணோடு சேர்ந்த பெயர்.

எங்கள் மாவட்டம் மழையை நம்பிய மானாவாரி பூமி. வடகிழக்குப் பருவமழையை ஒட்டி விதைத்து, தை பிறந்த பிறகு பழம் பறிக்க ஆரம்பிப்பார்கள். பங்குனி, சித்திரை வரை பறிப்பு நடக்கும். முதுகுளத்தூர், கமுதி, கடலாடி, பரமக்குடி, நயினார்கோவில், ஆர்.எஸ்.மங்கலம், திருவாடானை என்று எந்தப் பக்கம் போனாலும் அந்த மாதங்களில் களமெல்லாம் சிவப்பாகக் கிடக்கும். தடித்த தோல், அடர்ந்த நிறம், தனி மணம். சாம்பாருக்கும் தாளிப்புக்கும் இதைத் தேடி வாங்குபவர்கள் தமிழ்நாடு முழுக்க உண்டு.

2023 பிப்ரவரியில் இந்த மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வேலூர் இலவம்பாடி முள் கத்தரிக்காய்க்கும் அதே சமயத்தில்தான் கிடைத்தது. 2025-ல் எங்கள் மாவட்டத்தின் சித்திரைக்கார் அரிசிக்கும், பக்கத்து மாவட்டத்தின் விருதுநகர் சம்பா வத்தலுக்கும் கிடைத்திருக்கிறது. ஆக, குண்டுக்கு ராமநாதபுரம், நீளத்துக்கு விருதுநகர் என்று இரண்டு மிளகாய்க்கும் இப்போது சட்டப்படி ஊர் உண்டு.

செய்தி வந்த அன்று எங்கள் ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் பட்டாசு எமோஜியாகக் கொட்டியது. அதோடு எல்லோரும் மறந்துவிட்டோம். அங்கேதான் பிரச்னையே தொடங்குகிறது.

பெயர் மூன்று வகை

வியாபாரத்தில் புழங்கும் பெயர்களை மூன்று கிண்ணங்களில் பிரித்துப் போட்டுப் பார்த்தால் இந்தச் சட்டம் எளிதாகப் புரியும்.

முதல் கிண்ணம், ஒருவருக்கு மட்டும் சொந்தமான பெயர். இதுதான் டிரேட்மார்க். 1999-ம் ஆண்டின் வணிக முத்திரைச் சட்டம் இதைப் பார்த்துக்கொள்கிறது.

இரண்டாவது, ஓர் ஊருக்கே சொந்தமான பெயர். இதுதான் புவிசார் குறியீடு. இதற்கும் 1999-ல் தனிச் சட்டம் வந்தது. இரண்டு சட்டங்களும் ஒரே நாளில், 2003 செப்டம்பர் 15-ல் நடைமுறைக்கு வந்தன.

மூன்றாவது, எல்லோருக்கும் பொதுவான பெயர். இதை யாரும் 'எனக்கு மட்டும்' என்று பூட்டி வைக்க முடியாது.

முதல் கிண்ணத்துக்கு நம் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம், திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா. பல தலைமுறையாக நடக்கும் கடை. இன்னொருவர் முன்னால் 'திருநெல்வேலி' என்ற சொல்லைச் சேர்த்து, அதே இருட்டுக்கடைப் பெயரில் அல்வா விற்கத் தொடங்கினார். தன் பெயருக்கு டிரேட்மார்க் பதிவும் வாங்கிவிட்டார். 'என்னிடமும் பதிவு இருக்கிறது, பிறகு என் மேல் எப்படி வழக்குப் போடலாம்?' என்பது அவர் தரப்பு வாதம்.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2015 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. பதிவுச் சான்றிதழ் வைத்திருப்பவரைவிட, அந்தப் பெயரை முன்பிருந்தே பயன்படுத்திச் சம்பாதித்து வைத்த நல்ல பெயருக்குச் சொந்தக்காரரின் உரிமைதான் மேலானது என்றது நீதிமன்றம். பதிவு என்பது ஏற்கெனவே இருக்கும் உரிமையை அங்கீகரிப்பதுதான். இல்லாத உரிமையைப் புதிதாக உண்டாக்குவதல்ல. இந்தியா முழுக்க டிரேட்மார்க் வழக்குகளில் இன்றைக்கும் வக்கீல்கள் மேற்கோள் காட்டும் தீர்ப்பு இது. நம்ம ஊர் அல்வாவால் வந்தது!

மூன்றாவது கிண்ணத்துக்கும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. ஊதுபத்திக்கு 'ராமாயண்' என்ற பெயரைத் தனக்கு மட்டும் பதிவு செய்து தரச் சொன்னார் ஒரு வியாபாரி. புனித நூலின் பெயரை மட்டும் எடுத்து ஒருவர் ஏகபோகமாக்கிக்கொள்ள முடியாது என்று 2015 அக்டோபரில் நீதிமன்றம் மறுத்துவிட்டது. ராமேஸ்வரத்தில் நான்கு ரத வீதியிலும் கடை வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

மசாலாக்காரர்களுக்கும் ஒரு தீர்ப்பு. நூடுல்ஸ் பாக்கெட்டில் 'மேஜிக் மசாலா' என்று போட்ட ஐ.டி.சி நிறுவனம், 'மேஜிக்கல் மசாலா' என்று போட்ட நெஸ்லே மீது சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தது. 2020 ஜூனில் வந்த தீர்ப்பில் ஐ.டி.சி-க்குச் சாதகமாக எதுவும் இல்லை. 'மேஜிக்' என்பது பொருளைப் புகழ்ந்து சொல்கிற சொல், அதை ஒருவர் மட்டும் சொந்தம் கொண்டாட முடியாது என்றது நீதிமன்றம். இதே போக்கில்தான் 2025 ஆகஸ்ட்டில், 'பிளெண்டர்ஸ் பிரைடு' விஸ்கிக்காரர்கள் 'லண்டன் பிரைடு' பெயருக்குத் தடை கேட்டபோது உச்ச நீதிமன்றமும் மறுத்தது. 'பிரைடு' என்ற ஒரு சொல்லை மட்டும் பிய்த்தெடுத்துப் பார்க்கக் கூடாது, பெயரை முழுசாகப் பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம்.

நம்ம ஊர்ப் பெயரை மத்தவங்க வைக்கலாமா?

பெங்களூரில் 2021-ல் தொடங்கிய 'தி ராமேஸ்வரம் கஃபே' பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். அப்துல் கலாமின் மேல் உள்ள மரியாதையால் அவர் பிறந்த ஊரின் பெயரை வைத்ததாக அதை நடத்துபவர்கள் சொல்லியிருக்கிறார்கள். 'எங்க ஊர்ப் பெயரை எப்படி வைக்கலாம்?' என்று எங்கள் பக்கத்து டீக்கடைகளில் பேச்சு ஓடியது உண்டு.

இதற்கு நேரடியாகப் பொருந்தும் பழைய கதை ஒன்று இருக்கிறது. இந்தியாவில் முதன்முதலாகப் புவிசார் குறியீடு வாங்கிய பொருள் டார்ஜிலிங் தேயிலை. கொல்கத்தாவில் ஐ.டி.சி-யின் ஹோட்டல் ஒன்றில் 'டார்ஜிலிங் லவுஞ்ச்' என்று ஓர் அறைக்குப் பெயர் வைத்தார்கள். தேயிலை வாரியம் வழக்குப் போட்டது. 2019-ல் கொல்கத்தா உயர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. புவிசார் குறியீடு பொருளுக்குத்தான். தேயிலைக்கு வாங்கிய பாதுகாப்பை வைத்து ஹோட்டல் அறையின் பெயரைத் தடுக்க முடியாது.

ஆக, ஓர் ஊரின் பெயர் யாருடைய பட்டாவும் கிடையாது. கஃபேக்கு வைக்கலாம், அறைக்கு வைக்கலாம். ஆனால் 'இந்த மிளகாய் ராமநாதபுரத்தில் விளைந்தது' என்று நம்ப வைத்து வேறு ஊர் மிளகாயை விற்பது முற்றிலும் வேறு விஷயம். அங்கேதான் சட்டம் உள்ளே வருகிறது.

ஏமாற்றி விற்பதற்குச் சட்டத்தில் என்ன பெயர்?

இந்தியாவில் 'முறையற்ற போட்டி' என்ற பெயரில் தனியாக ஒரு சட்டம் கிடையாது. ஒருவரின் சரக்கை இன்னொருவரின் சரக்கு மாதிரி காட்டி விற்பதை நீதிமன்றங்கள் 'பாஸிங் ஆஃப்' என்கிற பழைய கொள்கைப்படி தடுத்து வருகின்றன. பதிவே இல்லாத பெயருக்கும் இது பொருந்தும். ஆனால் வழக்குப் போடுபவர் மூன்றை நிரூபிக்க வேண்டும். என் பெயருக்குச் சந்தையில் மதிப்பு இருக்கிறது, அவர் ஜனங்களைக் குழப்பினார், அதனால் எனக்கு நஷ்டம்.

குழப்பினாரா இல்லையா என்பதை எப்படி அளப்பது? 'அமிர்ததாரா', 'லக்ஷ்மண்தாரா' என்ற இரண்டு மருந்துப் பெயர்களுக்கு இடையே 1960-களில் நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன வழிதான் இன்றும். கடைக்கு வருபவர் இரண்டு பாட்டிலையும் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிட மாட்டார். அரைகுறை ஞாபகத்தோடு வரும் சாதாரண மனிதர் அவர். அவர் ஏமாறுவாரா என்று பாருங்கள் என்றது நீதிமன்றம். ஊர்ப் பெயரைப் பார்த்ததும் விலையைக்கூடப் பார்க்காமல் வாங்கிய என்னைப் போன்றவர்கள்தான் சட்டத்தின் கண்ணில் இருக்கும் அந்த வாடிக்கையாளர்.

புவிசார் குறியீடு சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதன் 22-வது பிரிவு 'முறையற்ற போட்டி' என்ற சொல்லை நேரடியாகவே பயன்படுத்துகிறது. வேறு இடத்துப் பொருளை இந்த ஊர்ப் பொருள் என்று நம்ப வைத்தால் அது உரிமை மீறல். பொய்யான புவிசார் குறியீட்டை ஒட்டி விற்றால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று சட்டத்தில் இருக்கிறது.

கேட்க எவ்வளவு பலமாக இருக்கிறது! ஆனால் இந்தச் சட்டத்தைக் கையில் எடுத்து நீதிமன்றப் படியேறுவது யார்? இதற்கான பதிலை ஒரு செருப்பு சொன்னது.

கோலாப்பூர் செருப்பு சொன்ன பாடம்

2025 ஜூனில் இத்தாலியின் மிலான் நகரில் நடந்த ஃபேஷன் ஷோவில், பிராடா நிறுவனத்தின் மாடல்கள் அச்சு அசல் கோலாப்பூர் செருப்பு மாதிரியே ஒன்றைப் போட்டுக்கொண்டு நடந்தார்கள். இந்தியாவின் பெயரோ, கோலாப்பூரின் பெயரோ எங்கும் இல்லை. கோலாப்பூர் செருப்புக்கு 2019-லேயே புவிசார் குறியீடு உண்டு. மகாராஷ்டிராவிலும் கர்நாடகாவிலும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கையால் செய்யும் தொழில் அது. சமூக வலைதளங்களில் கண்டனம் எழுந்த பிறகு, இந்தியக் கைவினையைப் பார்த்துத்தான் செய்தோம் என்று பிராடா ஒப்புக்கொண்டது.

சில வக்கீல்கள் பொதுநல வழக்காக இதை மும்பை உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள். கைவினைஞர்களுக்கு இழப்பீடு கேட்டார்கள். 2025 ஜூலையில் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. காரணம் என்ன தெரியுமா? கோலாப்பூர் செருப்புக்கான குறியீட்டைப் பதிவு செய்து வைத்திருப்பவை மகாராஷ்டிரா, கர்நாடகா அரசுகளின் இரண்டு தோல் தொழில் கழகங்கள். உரிமை மீறல் என்றால் அவர்கள் வர வேண்டும். சம்பந்தமில்லாத நீங்கள் எப்படி வரலாம் என்பதுதான்.

பெயர் யாருடையதோ அவர்தான் கேட்க வேண்டும். ஊர் பூராவும் கோபப்பட்டாலும் செல்லாது.

அதே ஆண்டு டிசம்பரில் கதை திரும்பியது. பிராடா அந்த இரண்டு கழகங்களோடும் கைகோத்து, 2,000 ஜோடி செருப்புகளை இந்தியக் கைவினைஞர்களை வைத்தே தயாரிக்க ஒப்பந்தம் போட்டது. பேச்சுவார்த்தை மேஜையில் உட்கார இடம் கிடைத்தது யாருக்கு? பதிவேட்டில் பெயர் இருந்தவர்களுக்கு.

பெரியப்பாவின் கேள்வி

இதையெல்லாம் படித்துவிட்டு முதுகுளத்தூர் பக்கம் இருக்கும் எங்கள் பெரியப்பாவுக்கு போன் போட்டேன். மூன்று ஏக்கரில் முண்டு போடுகிறார்.

"பெரியப்பா, நம்ம மொளகாய்க்கு புவிசார் குறியீடு வந்துச்சுல்ல... அதுல உங்க பேரைப் பதிஞ்சிட்டீங்களா?"

"அது மொளகாய்க்குத் தானத்தா குடுத்தாக? எம் பேரை எதுக்குப் பதியணும்?"

பெரியப்பா கேட்டது நியாயமான கேள்வி. எனக்கே போன மாதம் வரை பதில் தெரியாது.

புவிசார் குறியீடு பதிவேட்டில் இரண்டு பகுதி இருக்கிறது. முதல் பகுதியில் பொருளும், அதற்காக விண்ணப்பித்த சங்கமோ அமைப்போ அரசுத் துறையோ இருக்கும். இரண்டாவது பகுதியில், அந்தப் பொருளை உண்மையிலேயே விளைவிக்கிற, தயாரிக்கிற ஆட்களின் பெயர் இருக்கும். இவர்களுக்கு 'அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டாளர்' என்று பெயர். மிளகாய் மாதிரியான வேளாண் பொருளில் விவசாயி மட்டுமல்ல, பதப்படுத்துபவர், பொட்டலம் போடுபவர், அந்தச் சரக்கை விற்கும் வியாபாரியும் இதற்கு விண்ணப்பிக்கலாம்.

பதிந்தால் என்ன கிடைக்கும்? பாக்கெட்டில் இந்தப் பெயரைப் போட்டு விற்கச் சட்டப்படியான உரிமை. 2018-ல் மத்திய அரசு வெளியிட்ட புவிசார் குறியீடு லோகோவை ஒட்டிக்கொள்ளும் வழி. முக்கியமாக, யாராவது போலி விற்றால் வழக்குப் போடும் உரிமை. அதுவும் டெல்லிக்கு அலைய வேண்டியதில்லை. வழக்குப் போடுபவர் எங்கே குடியிருக்கிறாரோ, தொழில் செய்கிறாரோ, அந்தப் பகுதியின் மாவட்ட நீதிமன்றத்திலேயே போடலாம் என்கிறது சட்டம்.

இன்னொரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. டிரேட்மார்க்கை விற்கலாம், வாடகைக்கு விடலாம். புவிசார் குறியீட்டை அப்படிச் செய்ய முடியாது. விற்க முடியாது, அடமானம் வைக்க முடியாது, எவ்வளவு பெரிய கம்பெனி வந்தாலும் எழுதிக் கொடுக்க முடியாது. பதிந்தவர் இறந்துபோனால் உரிமை அவருடைய வாரிசுக்குப் போகும். கடனுக்கு நிலத்தை எழுதிக் கொடுத்த கதை எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு உண்டு. அந்த ஊரில், கடன்காரன் கை வைக்க முடியாத ஒரு சொத்து இது.

"பெரியப்பா, இதுக்கு எவ்வளவு ஃபீஸ் தெரியுமா?" என்றேன்.

"ஆயிரம் ரெண்டாயிரம் ஆகுமாக்கும்."

"பத்து ரூபா!"

நிஜம்தான். 500 ரூபாயாக இருந்த அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டாளர் கட்டணத்தை 2020-ல் 10 ரூபாயாகக் குறைத்துவிட்டார்கள். நாடு முழுவதுக்குமான புவிசார் குறியீடு பதிவகம் இருப்பதும் எங்கோ வடக்கில் அல்ல, நம் சென்னை கிண்டியில்தான்.

பெரியப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "பதிஞ்சா வெலை கூடக் கிடைக்குமா?"

நாளைக்கே கூடும் என்று என்னால் பொய் சொல்ல முடியவில்லை. மண்டியில் மூட்டையை இறக்கிவிட்டு வருபவருக்கு, பெயர் மண்டியோடு முடிந்துபோகிறது. அங்கிருந்து போகும் மிளகாய் எதனோடு கலக்கிறது, எந்தப் பாக்கெட்டில் ஏறுகிறது என்பது அவருக்குத் தெரியாது. தனி ஆளாகப் பதிந்தால் ஒரு சான்றிதழ் கிடைக்கும், அவ்வளவுதான். நூறு பேர், இருநூறு பேராகப் பதிந்து, உற்பத்தியாளர் குழுவாகச் சேர்ந்து, தங்கள் பாக்கெட்டில் லோகோவோடு விற்றால்தான் அந்தப் பெயர் காசாக மாறும். அப்போதுதான் போலிக்கு எதிராக நிற்கவும் ஆள் இருக்கும்.

ஆனால் பதியாவிட்டால் என்ன ஆகும் என்பதை உறுதியாகச் சொல்ல முடியும். பெயர் ஊரில் இருக்கும், லாபம் வேறு எங்கோ இருக்கும். என் வீட்டு டப்பாவில் இருக்கிற மிளகாய் மாதிரி.

நீங்க மிளகாய்த்தூள் விற்பவரா?

மகளிர் குழுவில் மசாலாப்பொடி அரைத்து விற்கும் தோழிகளும், கீழக்கரையில் தொதல் கிண்டி விற்கும் அக்காக்களும் இந்தப் பகுதியை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள்.

'ராமநாதபுரம் மிளகாய்த்தூள்', 'கீழக்கரை தொதல்' என்று ஊரையும் பொருளையும் மட்டும் சேர்த்து டிரேட்மார்க் கேட்டால் கிடைப்பது கஷ்டம். வெறும் இடத்தையும் பொருளையும் குறிக்கும் சொல், யாருடைய தனி அடையாளமும் ஆகாது. பதிவான புவிசார் குறியீட்டை ஒருவர் தன் டிரேட்மார்க்காக வாங்கவும் சட்டம் தடை போடுகிறது. அதனால் உங்களுக்கென்று ஒரு தனிப் பெயர் வையுங்கள். பாட்டி பெயரோ, கற்பனைப் பெயரோ எதுவானாலும் சரி, மற்றவர்கள் வைக்காததாக இருக்கட்டும்.

பெயரை முடிவு செய்யும் முன் டிரேட்மார்க் பதிவகத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடிப் பாருங்கள். பொருட்களையும் சேவைகளையும் 45 வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். மசாலாப் பொருட்கள் 30-வது வகுப்பு.

தனிநபர், சிறுதொழில் என்றால் ஆன்லைனில் விண்ணப்பிக்க ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். மற்றவர்களுக்கு 9,000. பெயர் டிரேட்மார்க் இதழில் வெளியானதும் 4 மாதத்துக்குள் யாரும் ஆட்சேபிக்கலாம். பதிவானால் 10 ஆண்டு செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும்.

முதல் பில், முதல் லேபிள், முதல் விளம்பர நோட்டீஸ் எதையும் தூக்கிப் போடாதீர்கள். இருட்டுக்கடை வழக்கை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள்தான் முதலில் பயன்படுத்தினீர்கள் என்பதற்கு அவைதான் சாட்சி.

பதிவாகும் முன்பே வட்டத்துக்குள் 'ஆர்' எழுத்தைப் போடாதீர்கள். அது பதிவானவர்களுக்கு மட்டும். 2023-ம் ஆண்டின் ஜன் விஷ்வாஸ் சட்டம் இந்தத் தவறுக்கான சிறைத் தண்டனையை எடுத்துவிட்டாலும், பண அபராதம் உண்டு. விண்ணப்பித்திருக்கும்போது 'டி.எம்' என்று போடலாம்.

ஒரு சுவாரஸ்யமான தகவல்: ரோஜா வாசனை வரும் டயருக்காக ஜப்பானின் சுமிடோமோ நிறுவனம் கேட்ட 'வாசனை டிரேட்மார்க்' விண்ணப்பத்தை 2025 நவம்பரில் நம் பதிவகம் ஏற்றுக்கொண்டது. இந்தியாவில் வாசனைக்கு இப்படி நடப்பது இதுவே முதல் முறை. டயருக்கும் ரோஜாவுக்கும் சம்பந்தம் இல்லாததால்தான் அது அடையாளம் ஆகிறது. மிளகாய்த்தூளுக்கு மிளகாய் நெடியைக் கேட்டுப் போய்விடாதீர்கள்!

நீங்க வாங்குபவரா?

பாக்கெட்டில் 'ராம்நாடு', 'ஒரிஜினல்' என்ற சொற்களைப் பார்க்காதீர்கள். பின்பக்கத்தைப் பாருங்கள். தயாரித்தவர் முகவரி எது? புவிசார் குறியீடு லோகோ இருக்கிறதா? ஆன்லைனில் வாங்கினால் விற்பவரிடம் 'எந்த ஊர் விளைச்சல்?' என்று கேள்வியாகவே கேளுங்கள். முகவரி வேறு மாநிலம் என்பதாலேயே போலி ஆகிவிடாது. வேறு ஊரில் பொட்டலம் போட்டிருக்கலாம். ஆனால் கேட்டால் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு அவருக்கு உண்டு.

ஏமாற்றப்பட்டதாக நினைத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழைக்கலாம். பொருளின் தரத்தைப் பற்றிப் பொய் சொல்வது 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். தவறான விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது. புவிசார் குறியீடு வழக்குப் போட உங்களுக்கு உரிமை இல்லாவிட்டாலும், வாங்கியவர் என்ற முறையில் இந்தக் கதவு உங்களுக்குத் திறந்தே இருக்கிறது.

நான் அந்த ஆப்பில் ஒரே ஒரு வரி கேள்வி அனுப்பினேன்: 'இது ராமநாதபுரத்தில் விளைந்ததா?' இதை எழுதும் வரை பதில் வரவில்லை.

பெரியப்பாவிடமிருந்து நேற்று போன் வந்தது. தோட்டக்கலைத் துறை அலுவலகத்தில் போய் விவரம் கேட்கப் போகிறாராம். கூடவே பக்கத்துக் காட்டுக்காரர்கள் நாலு பேரையும் கூட்டிக்கொண்டு போகிறாராம்.

"பத்து ரூபாதானத்தா... ஒரு டீக் காசு. போய்க் கேட்டுட்டு வர்றோம்" என்றார்.

உங்கள் வீட்டிலோ, சொந்தத்திலோ முண்டு போடுபவர்கள் இருந்தால் அவர்களிடமும் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள்: "உங்க பேரைப் பதிஞ்சிட்டீங்களா?"